மரணமும் மானமும்

ஏழையின் வீட்டில் மரணம் நிகழும்போது அங்கே இரண்டு அழுகைகள் எழுகின்றன. ஒன்று ஊரறிந்த அழுகை. தலைமாட்டில் விளக்கெரிய, ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு பெண்கள் பாடும் ஒப்பாரி அது. மற்றது வெளியே கேளாத அழுகை. செத்தவீட்டுக்காரன் கோடிப்புறத்தில் ஒதுங்கி நின்று விரல்விட்டு எண்ணும் கணக்கு அது. பெட்டிக்கு எவ்வளவு? விறகுக்கு எவ்வளவு? பந்தலுக்கும் கதிரைக்கும் எவ்வளவு? காடாத்துக்கும் எட்டுச் செலவுக்கும் அந்தியேட்டிக்கும் எவ்வளவு? யாரிடம் கேட்பது? எதை ஈடு வைப்பது? இறந்தவரை எண்ணிக் கண்ணீர் விடுவதற்குக்கூட அவனுக்கு அவகாசம் இல்லை. துக்கம் எல்லோருக்கும் பொது என்பார்கள். துக்கப்படுவதற்கான ஓய்வு எல்லோருக்கும் பொதுவாக இருந்ததில்லை.

மரணத்தின் முன் மன்னனும் ஆண்டியும் சமம் என்பது நம்மிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் ஆறுதல் மொழி. மரணத்தின் முன் அவர்கள் சமமாயிருக்கலாம். மரணத்தின் பின் சமமாயிருந்ததில்லை என்பதே வரலாறு. மும்தாஜுக்கு யமுனைக் கரையில் சலவைக்கல் மாளிகை எழுந்ததை ஏடுகள் விரித்துரைக்கின்றன. அம்மாளிகைக்குக் கல் சுமந்தவர்கள் இறந்தபோது எங்கே அடங்கினர், அவர்களுக்காக அழுதவர் யாவர் என்பதைப்பற்றி அவ்வேடுகள் வாய் திறப்பதில்லை. ஒரு பிரேதத்தைக் கேட்டுப் பெறும் உரிமை யாருக்கு உண்டு, அதை எங்கே அடக்கலாம், அதற்குப் பின்னால் யார் நடந்து செல்லலாம் என்ற கேள்விகள் யாவும் அதிகாரத்தைப் பற்றிய கேள்விகளாகவே இருந்து வந்துள்ளன. இக்கேள்விகளுக்கு உழைக்கும் மக்கள் தாமாகவே கண்ட விடை ஒன்றுண்டு. அதன் பெயர் சங்கம். அந்தச் சங்கத்தின் கதையையே நாம் இங்கு கூற முற்படுகிறோம்.

கதையின் தொடக்கத்தைக் காண்பதற்கு ஏறக்குறைய 1900 ஆண்டுகள் பின்னோக்கிச் செல்லவேண்டும். பேரரசின் தலைநகரான உரோமாபுரியில் செல்வர்கள் நெடுஞ்சாலைகளின் இருமருங்கிலும் தம் பெயர் பொறித்த கல்லறைகளை எழுப்பிக்கொண்டனர். வறியவர்களுக்கும் அடிமைகளுக்கும் எசுக்குவிலின் வாயிலுக்கு வெளியே ஆழ்கிடங்குகள் இருந்தன. மனிதப் பிரேதமும் விலங்கின் உடலும் நகரத்துக் குப்பையும் ஒன்றாகக் கொட்டப்பட்ட கிடங்குகள் அவை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவ்விடத்தை அகழ்ந்த தொல்லியலாளர்கள் அத்தகைய கிடங்குகளை வரிசை வரிசையாகக் கண்டனர். உயிரோடிருக்கும்போது உடைமையாக எண்ணப்பட்டவன் இறந்தபின் குப்பையாக எண்ணப்பட்டான். இந்த முடிவுக்கு அஞ்சியவர்கள் என்ன செய்தார்கள்?

உரோமாபுரிக்குத் தென்கிழக்கே லனுவியம் என்றொரு சிறுநகர் இருந்தது. 1816ஆம் ஆண்டில் அங்கே ஒரு சாசனம் கண்டெடுக்கப்பட்டது. கி.பி. 136இல் சலவைக்கல்லில் பொறிக்கப்பட்ட அச்சாசனம் அரசன் ஒருவனின் வெற்றியைப் புகழும் மெய்க்கீர்த்தியன்று. டயானா என்னும் தெய்வத்தினதும், பேரரசன் ஹேட்ரியனின் அன்புக்குரியவனாயிருந்து நைல் நதியில் மூழ்கி இறந்தபின் தெய்வமாக்கப்பட்ட அன்ரினோஸ் என்னும் இளைஞனதும் பெயரால் கி.பி. 133 சனவரி 1ஆம் நாள் தொடங்கப்பட்ட ஒரு சங்கத்தின் யாப்பு அது. தெய்வங்களின் பெயர் முகப்பில் இருந்ததாயினும் சங்கத்தின் முதன்மையான வேலை ஒன்றே: அங்கத்தவர் இறந்தால் அவரை மானத்தோடு அடக்கஞ் செய்வது. அடிமைகளும் அச்சங்கத்தில் அங்கத்தவராயிருந்தனர்.

அதன் விதிகளை இன்று படிக்கும் ஒருவர், நமது ஊர்ச் சங்கம் ஒன்றின் விதிகளையே படிப்பதாக எண்ணக்கூடும். சேரும்போது 100 செஸ்டர்ஸ் நாணயமும் ஒரு சாடி நல்ல திராட்சை மதுவும் கொடுக்கவேண்டும். அதன்பின் மாதச் சந்தா 5 ஆஸ். ஆஸ் என்பது செப்புக்காசு. நான்கு ஆஸ் சேர்ந்தால் ஒரு செஸ்டர்ஸ். சந்தாவை ஒழுங்காகச் செலுத்திய ஒருவர் இறந்தால் அவரது அடக்கச் செலவுக்குச் சங்கம் 300 செஸ்டர்ஸ் ஒதுக்கும். அதில் 50 செஸ்டர்ஸ் ஈமச் சிதையருகே கூடியவர்களுக்குப் பகிர்ந்தளிக்கப்படும். தொடர்ந்து ஆறு மாதம் சந்தா கட்டாதவருக்கு உரிமை இல்லை.

இக்கணக்கைச் சற்றே கூர்ந்து நோக்குவோம். மாதம் 5 ஆஸ் என்றால் ஆண்டொன்றுக்கு 15 செஸ்டர்ஸ். ஒரு மனிதன் தனியே சேமித்து 300 செஸ்டர்ஸைக் காண்பதற்கு 20 ஆண்டுகள் வேண்டும். அடிமைக்கும் கூலியாளுக்கும் மரணம் 20 ஆண்டு தவணை கொடுப்பதில்லை. தனியொருவனால் இயலாததைப் பலர் கூடி இயலச் செய்தார்கள். பொதுநிதி என்பதன் பொருளை அவர்கள் எந்தப் பொருளியல் நூலிலும் கற்றவர்களல்லர்.

அங்கத்தவர் ஒருவர் வெளியூரில் இறந்தால் என்ன செய்வது என்பதற்கும் விதி உண்டு. நகரிலிருந்து 20 மைலுக்கு அப்பால் இறந்த செய்தி வந்தால், தெரிந்தெடுக்கப்பட்ட மூவர் அங்கு சென்று அடக்கத்தை நடத்திவிட்டு வந்து சங்கத்தின் முன் கணக்குக் காட்டவேண்டும். அவர்கள் மோசடி செய்ததாகத் தெரிந்தால் நான்கு மடங்கு தண்டம். போக்குவரத்துச் செலவுக்கு ஆளுக்கு 20 செஸ்டர்ஸ். அங்கத்தவர்கள் ஆண்டில் சில தடவைகள் கூடி உண்டார்கள். நான்கு சாடி மது, ஆளுக்கு 2 ஆஸ் பெறுமதியான உரொட்டி, நான்கு சிறுமீன்கள்: இதுவே விருந்து. முறைப்பாடு ஏதுமிருந்தால் அதைக் கூட்டத்தில் சொல்லவேண்டும்; விருந்தில் சொல்லக்கூடாது. விருந்தில் பிறரை ஏசியவனுக்கு 12 செஸ்டர்ஸ் தண்டம். சாவதற்கென்று கூடியவர்கள் வாழ்வதற்கும் சேர்ந்தே கற்றுக்கொண்டார்கள் என்பதை இவ்விதிகள் காட்டுகின்றன. பிற்காலத்தில் துக்கம் வந்தபோது அவர்களுக்கு அறிமுகமில்லாத முகங்கள் ஆறுதல் சொல்ல வரவில்லை. கூட இருந்து மீனும் உரொட்டியும் உண்டவர்களே வந்தார்கள்.

யாப்பில் குறையும் இருந்தது. தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவனுக்குச் சங்கத்தின் அடக்கம் மறுக்கப்பட்டது. அடிமை வாழ்வின் கொடுமை தாளாது உயிர் விட்டவனைத் தோழர்களின் விதியே கைவிட்டது என்பதை நாம் மறைக்கவேண்டியதில்லை.

ஆயினும் அந்தச் சலவைக்கல்லில் உள்ள ஒரு விதி 1900 ஆண்டு கழிந்தும் நம் நெஞ்சைப் பிடித்து நிறுத்துகிறது. அங்கத்தவனான அடிமை ஒருவன் இறந்து, அவனுடைய எசமானனோ எசமானியோ அநீதியாக அவனது பிரேதத்தை அடக்கஞ் செய்யக் கொடுக்க மறுத்தால், அவனுக்காகக் கற்பனையான ஓர் ஈமச்சடங்கு நடத்தப்படும் என்கிறது அவ்விதி. பிரேதம் இல்லாவிட்டாலும் சடங்கு நடக்கும். அவனுக்குரிய மரியாதை அவனுக்குச் செய்யப்படும். எசமானன் உடலை வைத்துக்கொள்ளலாம். அவன் எங்கள் தோழன் என்பதை அவனால் வைத்துக்கொள்ள முடியாது என்பதே அதன் பொருள். எசமானனின் செயலை ‘அநீதி’ என்ற சொல்லாலேயே, அதுவும் எல்லோரும் பார்க்கும் பொதுவிடத்தில், அவர்கள் பொறித்து வைத்தார்கள். அடிமைமுறையை எதிர்த்து வாளேந்த அவர்களால் முடியவில்லை. ஆனால் தம் யாப்பின் ஒரு வரியில் அவர்கள் அடிமையை மனிதனாக்கினார்கள்.

உரோமாபுரியின் ஆட்சியாளர் இச்சங்கங்களை எப்படி அனுமதித்தார்கள் என்ற ஐயம் எழலாம். மக்கள் கூடுவதை அவ்வாட்சியாளர் விரும்பியவர்களல்லர். ஹேட்ரியனுக்கு முன் ஆண்ட திராஜன் காலத்தில், நிக்கோமீடியா நகரில் பெருந்தீ மூண்டு அழிவு நேர்ந்தபின், 150 பேர் கொண்ட தீயணைப்புச் சங்கம் ஒன்றை அமைக்கலாமா என்று ஆளுநன் பிளினி கேட்டான். எந்தப் பெயரில் கூடினாலும் அவர்கள் நாளடைவில் அரசியற் கூட்டமாகிவிடுவார்கள் என்று பேரரசன் மறுத்துவிட்டான். நகரம் எரிந்தாலும் எரியட்டும், சங்கம் கூடாது என்பதே ஆளும் வர்க்கத்தின் நிலை. அத்தகைய அரசும் ஏழைகள் மாதமொருமுறை கூடி ஈமச் சந்தா சேர்ப்பதை மட்டும் அனுமதித்தது. கூலிக்காகக் கூட முடியாதவர்கள் சாவுக்காகக் கூடினார்கள்.

இதே காட்சியைப் பல நூற்றாண்டு கழித்து இங்கிலாந்தில் மீண்டும் காண்கிறோம். 1799இலும் 1800இலும் இயற்றப்பட்ட சட்டங்கள் தொழிலாளர் கூலியுயர்வுக்காகச் சேர்வதைத் தடைசெய்தன. ஆனால் நோய்க்கும் மரணத்துக்கும் நிதி சேர்க்கும் நட்புறவுச் சங்கங்களுக்கு 1793ஆம் ஆண்டின் சட்டம் அங்கீகாரம் அளித்திருந்தது. ஆகவே தொழிற்சங்கங்கள் பல நட்புறவுச் சங்கம் என்ற போர்வைக்குள் வளர்ந்தன. 1834இல் டோல்படில் கிராமத்தைச் சேர்ந்த ஆறு பண்ணைத் தொழிலாளர் 7 ஆண்டு நாடுகடத்தல் தண்டனை பெற்றபோது, அவர்கள் அமைத்திருந்த சங்கத்தின் பெயரும் நட்புறவுச் சங்கமே.

அந்நாட்டுத் தொழிலாளி சாவுச் சந்தாவை ஏன் உணவுக்கு முந்திய செலவாகக் கருதினான்? அதற்கொரு காரணம் உண்டு. மருத்துவக் கல்லூரிகளுக்கு அறுத்துப் படிக்கப் பிரேதங்கள் தேவைப்பட்டன. பழைய சட்டப்படி தூக்கிலிடப்பட்ட கொலைகாரரின் உடல்களே கிடைத்தன, அவை போதவில்லை. புதைகுழிகளிலிருந்து பிரேதம் திருடி விற்பவர்கள் தோன்றினார்கள். 1828இல் எடின்பரோ நகரில் பேர்க், ஹெயர் என்னும் இருவர் பிரேதத்துக்காகவே 16 பேரைக் கொன்றது வெளியாயிற்று. இக்கொடுமைக்கு முடிவு கட்டுவதாகக் கூறி 1832இல் உடற்கூற்றுச் சட்டம் நிறைவேறியது. வறியோர் விடுதிகளிலும் மருத்துவமனைகளிலும் இறந்து, உறவினர் உரிமை கோராத பிரேதங்களை அறுவைக்குக் கொடுக்க அச்சட்டம் வழிசெய்தது. ‘உரிமை கோராத’ என்ற இச்சொல்லை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். உரிமை கோருவதென்றால் அடக்கச் செலவை ஏற்பது என்று பொருள். செலவை ஏற்க முடியாதவனின் தாயும் தந்தையும் உரிமை கோரப்படாதவராயினர். முன்பு கொலைகாரனுக்கு விதித்த தண்டனை இப்போது வறுமைக்கு விதிக்கப்பட்டது.

இந்த அச்சத்தின் விளைவாக இங்கிலாந்தின் ஆலை நகரங்களெங்கும் அடக்கச் சங்கங்கள் பெருகின. சந்தா கிழமைக்கு ஒரு பெனி, அரைப் பெனி. 1843இல் எட்வின் சாட்விக் நகரப் புறங்காடுகள் பற்றி வெளியிட்ட அறிக்கை, ஒரே அறையில் வாழும் குடும்பங்கள் அடக்கத்துக்குப் பணம் சேரும்வரை நாட்கணக்காகப் பிரேதத்தையும் அதே அறையில் வைத்திருந்த நிலையைப் பதிவு செய்துள்ளது. மக்கள் பிரேதத்தின் அருகிலேயே சமைத்து உண்டு உறங்கினார்கள். அவர்கள் துக்கத்தைத் தாங்கிய விதம் அதுவாகவே இருந்தது.

மக்களின் அச்சம் பெரிய அளவில் திரளும்போது முதலாளித்துவம் அதில் இலாபத்தைக் காணத் தவறுவதில்லை. 1848இல் தோன்றிய புரூடென்ஷல் கொம்பனி 1854இல் தொழிலாளர்களுக்கான காப்புறுதியைத் தொடங்கிற்று. முகவர்கள் வீடு வீடாகச் சென்று கிழமைதோறும் பெனிகளைத் திரட்டினார்கள். தொழிலாளர் தாமே நடத்திய சங்கத்தில் ஓர் அங்கத்தவன் இருந்தான். கொம்பனியில் வாடிக்கையாளன் ஒருவன் இருந்தான். சங்கம் இறந்தவனின் பின்னே நடந்தது. கொம்பனி காசோலை கொடுத்தது. வேலையிழந்து சில கிழமை சந்தா தவறியவனின் பல்லாண்டுச் சேமிப்பு காலாவதியாயிற்று. சேர்த்த பணத்தில் பெரும்பங்கு திரட்டும் செலவிலேயே கரைவதை 1942இல் பெவரிட்ஜ் அறிக்கை சுட்டிக்காட்டியது. அவ்வறிக்கையின் பயனாக 1949இல் பிரித்தானிய அரசு மரணக் கொடையாக 20 பவுணை வழங்கத் தொடங்கிற்று. அடக்கம் ஒரு குடியுரிமையாயிற்று. 1987இல் அக்கொடை கைவிடப்பட்டது. பொதுவான உரிமையின் இடத்தில், வறியவர் என்று மெய்ப்பிப்பவருக்கு மட்டுமான உதவி வந்தது. வென்றெடுத்த உரிமையும் காவலில்லாவிட்டால் கைநழுவும் என்பதற்கு இதுவுமொரு சான்று.

இனி நமது நாட்டுக்கு வருவோம். யாழ்ப்பாணத்துச் செத்தவீட்டைப் பார்ப்பவர் முதலில் காண்பது கூட்டுழைப்பையே. துக்க வீட்டில் அடுப்பெரிவதில்லை. அயலவரும் உறவினரும் சோறு சமைத்துக் கொண்டுவருகிறார்கள். ஒருவர் பந்தலுக்குத் தடி வெட்டுகிறார்; ஒருவர் தூரத்து உறவுகளுக்குச் சொல்லப் போகிறார்; ஒருவர் மரணப் பதிவுக்கு ஓடுகிறார்; இன்னும் சிலர் சுடலையில் விறகடுக்குகிறார்கள். மறுநாள் காடாத்து, எட்டாம் நாள், 31ஆம் நாள் என்று துக்கத்துக்கு ஒரு நாட்குறிப்பும் உண்டு. இச்சடங்குகளின் சமயப்பொருள் எதுவாயினும், துயரத்தில் அமிழ்ந்தவனை ஊர் தனியே விடாது அடிக்கடி வந்து பார்க்கும் ஏற்பாடாக அவை பயன்பட்டன என்பதை நாம் மறுக்க முடியாது. ஒப்பாரியும் அத்தகையதே. வாழ்நாள் முழுதும் வாய் பொத்தி நின்ற பெண், புருசன்வீட்டுக் கொடுமையையும் வறுமையையும் ஊரார் முன்னிலையில் உரக்கச் சொல்வதற்கு இருந்த ஒரே மேடை செத்தவீட்டுத் திண்ணைதான்.

ஆனால் இக்கூட்டுழைப்புக்கு மறுபக்கம் ஒன்றிருந்தது. சுற்றமும் அயலும் அன்பினால் செய்த வேலைகளோடு, குடிமை முறை என்ற பெயரில் சாதி வற்புறுத்திச் செய்வித்த வேலைகளும் இருந்தன. பறையடிக்க ஒரு சாதி, வெள்ளை கட்ட ஒரு சாதி, சிரைக்க ஒரு சாதி. இன்னொருவரின் இழவுக்குக் கட்டாயமாக உழைத்த இம்மக்கள், தம் வீட்டு இழவுக்கு மேளம் வைக்கவும் வெள்ளை கட்டவும் உரிமை மறுக்கப்பட்டனர். ஊருக்கொரு சுடலை என்றிருக்கவில்லை. சாதிக்கொரு சுடலை என்றே இருந்தது. வெந்து சாம்பராகும் உடலுக்கும் அவர்கள் எல்லைக்கல் நாட்டினார்கள்.

இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1844இல். சரியாக நூறாண்டு கழித்து, 1944இல், யாழ்ப்பாணம் வில்லூன்றி மயானத்தில் ஒடுக்கப்பட்ட மக்கள் தம்மவர் ஒருவரின் பிரேதத்தைத் தகனஞ்செய்ய முற்பட்டபோது துப்பாக்கி வெடித்தது. முதலி சின்னத்தம்பி என்பவர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு பிரேதத்தைச் சுடுவதற்கு உரிமை கேட்டுப் போனவர் தாமே பிரேதமானார். லனுவியத்து எசமானன் அடிமையின் உடலைக் கொடுக்க மறுத்தான். வில்லூன்றியில் எசமானர்கள் அந்த உடலுக்கு ஆறடி நிலத்தைக் கொடுக்க மறுத்தார்கள்.

அச்சாவு வீண்போகவில்லை. சிறுபான்மைத் தமிழர் மகாசபையும் இடதுசாரி இயக்கங்களும் எழுப்பிய குரலின் பின்னணியில் 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. சட்டம் ஏட்டில் கிடந்தபோது, 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி மக்கள் ஊர்வலமாகப் புறப்பட்டார்கள். தேநீர்க்கடைகளும் கோயில்களும் ஒவ்வொன்றாகத் திறக்கப்பட்டன. ஆயினும் கதை அங்கே முடிந்துவிடவில்லை. 2017இலும் புத்தூர் கலைமதிக் கிராமத்து மக்கள், தம் குடியிருப்பின் நடுவே பிரேதம் எரிப்பதை நிறுத்தக் கோரி நாட்கணக்காகச் சத்தியாக்கிரகம் இருக்கவேண்டியிருந்தது. யாருடைய குழந்தைகள் அப்புகையைச் சுவாசிக்கவேண்டும் என்பதும் சாதி எழுதிவைத்த விதியாகவே இருந்தது.

இந்த நாட்டின் மக்களும் லனுவியத்தாரைப் போலவே சங்கம் கண்டார்கள். சிங்களக் கிராமங்களில் மரணாதார சங்கம் இல்லாத ஊர் அரிது. தமிழ் ஊர்களிலும் மரண சகாய நிதிகளும் சனசமூக நிலையங்களும் அவ்வேலையைச் செய்துவருகின்றன. மாதச் சந்தா சிறிது. மரணம் நேர்ந்தால் நிதியிலிருந்து ஒரு தொகை. சங்கத்தின் கூடாரம், கதிரை, பெரிய பாத்திரங்கள். இரவு கண்விழித்திருக்க ஆள். கடன்காரனின் வாசலுக்குப் போகாமல் ஒருவன் தன் தாயை வழியனுப்ப முடிகிறதென்றால் அதற்கு இச்சங்கங்களே காரணம். புரட்சி பேசும் நம்மில் சிலர் இவற்றைச் சாவுச் சங்கம் என்று ஏளனமாகப் பார்ப்பதுண்டு. ஆண்டுக்கணக்கில் கூட்டம் கூட்டி, கணக்கு வாசித்து, பொதுப்பணத்தைக் காப்பாற்றக் கற்ற ஏழைகளின் பள்ளிக்கூடம் இதுவென்பதை அவர்கள் உணரவில்லை.

உணரவேண்டிய காலம் வந்துவிட்டது. 2020 ஏப்பிரலில், கொவிட் நோயால் இறந்தோர் எவராயினும் எரிக்கப்படவேண்டும் என்று இலங்கை அரசு கட்டளையிட்டது. அடக்கஞ் செய்வதையும் உலக சுகாதார நிறுவனம் அனுமதித்திருந்தும், முஸ்லிம் மக்களின் கோரிக்கை செவிசாய்க்கப்படவில்லை. அவ்வாண்டு டிசெம்பரில் பிறந்து 20 நாளேயான குழந்தையொன்று பெற்றோரின் மறுப்பையும் மீறி எரிக்கப்பட்டது. எரிப்பதற்கு உடன்படாத குடும்பங்கள் பிரேதங்களைப் பொறுப்பேற்க மறுத்தன. உடனே அரசின் சட்டத்துறை, உரிமை கோராத பிரேதங்களை எரிக்கலாம் என்றது! 1832இன் அதே சொல், அதே தந்திரம். தாய் வாசலில் நின்று அழுகையில் குழந்தை உரிமை கோரப்படாததாயிற்று. கொழும்பு பொரளை மயானத்தின் வேலியில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள். பிள்ளைக்குப் போர்த்த முடியாத கபன் துணியை இரும்புக் கம்பிக்குக் கட்டினார்கள். முஸ்லிம்கள் மட்டுமன்றிச் சிங்களவரும் தமிழரும் அவ்வாறு கட்டினார்கள் என்பதே நம்பிக்கையளிக்கும் செய்தி. 2021 பெப்ரவரியில் தடை தளர்ந்தது. ஓட்டமாவடியில் அடக்கங்கள் நடந்தன. 2024இல் அரசு மன்னிப்புக் கேட்டது. சாம்பலிடம் கேட்கும் மன்னிப்பு எவ்வளவு தூரம் செல்லும்?

பிரேதமே கிடைக்காதவர்களும் இந்நாட்டில் உள்ளனர். 1971இலும் 1980களின் கடைசியிலும் தெற்கில் பிள்ளைகளைப் பறிகொடுத்த சிங்களத் தாய்மாரும், போர்க்காலத்தில் வடக்கிலும் கிழக்கிலும் பறிகொடுத்த தமிழ்த் தாய்மாரும் அவர்கள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீடித்தது. கேட்டபடியே பல தாய்மார் இறந்துபோயினர். யாழ்ப்பாணம் செம்மணியில் 1999இல் 15 பேரின் எச்சங்கள் தோண்டியெடுக்கப்பட்டன. அதற்கு அண்மையிலுள்ள சித்துப்பாத்தி மயானத்தில், 2025இல், தகனமேடைக் கட்டட வேலைக்காக மண்ணை வெட்டியபோது மீண்டும் மனித எலும்புகள் வெளிவந்தன. நீதிமன்றத்தின் மேற்பார்வையில் நடந்த அகழ்வில் 200க்கு மேற்பட்டோரின் எச்சங்கள் கிடைத்தன. அவற்றுள் குழந்தைகளினவும் இருந்தன. பள்ளிப்பை ஒன்றும் விளையாட்டுப் பொம்மை ஒன்றும் கிடைத்தன.

லனுவியத்தார் பிரேதமின்றிச் சடங்கு செய்தார்கள். நமது தாய்மார் அதற்கு உடன்படவில்லை. மரணச் சான்றிதழையும் நட்டஈட்டையும் பெற்றுக்கொண்டு வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லப்பட்டபோது அவர்களிற் பலர் மறுத்துவிட்டார்கள். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை என்று நாம் கருதவில்லை. லனுவியத்துத் தோழர்களுக்கு அடிமை இறந்தது தெரியும். உடலை மறைத்தவன் யாரென்பதும் தெரியும். அநீதி என்று கல்லில் எழுதிய பின்பே அவர்கள் சடங்கு செய்தார்கள். நம் தாய்மார் கேட்பதும் அதே முதற்படியைத்தான். உண்மை முதலில் எழுதப்படட்டும். எட்டும் முப்பத்தொன்றும் அதன்பின் வரட்டும். துக்கத்தை ஆற்றுவது காலம் என்பார்கள். உண்மை மறைக்கப்பட்ட இடத்தில் காலம் எதையும் ஆற்றுவதில்லை.

ஆகவே, ஈமச்சடங்கு ஒரு குடும்பத்தின் தனிப்பட்ட காரியம் என்றும் அதில் அரசியலுக்கு இடமில்லை என்றும் கூறுவோருக்கு நாம் வரலாற்றையே காட்டுகிறோம். மனிதனை மானத்தோடு வழியனுப்பும் உரிமையை எவரும் இனாமாகத் தரவில்லை. செப்புக்காசு செப்புக்காசாகச் சேர்த்தும், வில்லூன்றியில் குருதி சிந்தியும், வேலியில் வெள்ளைத்துணி கட்டியும் மக்களே அதைப் பெற்றார்கள்.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் நாம் ஒரு வேலையை முன்வைக்கிறோம். உங்கள் ஊர் வாசிகசாலையின் பழைய அலுமாரியைத் திறந்து பாருங்கள். கறையான் அரித்துக்கொண்டிருக்கும் மரண சகாய சங்கத்தின் கூட்டக் குறிப்புப் புத்தகம் அங்கே இருக்கக்கூடும். யார் சந்தா கொடுத்தார்கள், யார் சேர்க்கப்படவில்லை, யாருடைய பிரேதத்தின் பின்னே ஊர் நடந்தது, யாருடையதன் பின்னே நடக்கவில்லை என்பதெல்லாம் அதில் இருக்கும். அதைப் படியெடுங்கள். சேர்க்கப்படாதவர் இன்றும் ஊரில் இருந்தால் அவர்களின் பெயரை அடுத்த கூட்டத்தில் முன்மொழியுங்கள். சாதியும் மதமும் கேளாத ஒரு சங்கம், எல்லோருக்கும் பொதுவான ஒரு சுடலை, கடன்படாத ஓர் அடக்கம்: இவற்றைப் பெறாத ஊர் எத்தனை கோபுரம் கட்டினாலும் நாகரிகமடைந்த ஊராகாது.